பூட்டும் குறியும்

தமிழில் ‘பூட்டு’ என்ற சொல்லுக்கு இரட்டை வாழ்க்கை. மாட்டை நுகத்தில் பூட்டினால் வண்டி புறப்படுகிறது. அதே வண்டியைச் சங்கிலியிட்டுப் பூட்டினால் நின்றுவிடுகிறது. ஓட வைப்பதும் பூட்டு, ஓடாமல் வைப்பதும் பூட்டு. ‘கொண்டி’ என்ற சொல்லும் அப்படித்தான். சங்க இலக்கியத்தில் கொண்டி என்றால் கொள்ளையிட்ட பொருள். பகைவர் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்களைப் பட்டினப்பாலை கொண்டி மகளிர் என்று குறிப்பிடுகிறது. இன்று கதவில் பூட்டை மாட்டுகிற இரும்புக்குக் கொண்டி என்று பெயர். கொள்ளைக்கும் காவலுக்கும் ஒரே சொல். வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். ஆனால் சென்ற ஆண்டு தை மாதத்துக்குப் பிறகு இந்தச் சொற்களை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

காரணம், ஆம்பூரில் என் மைத்துனர் வாங்கி நிறுத்தியிருக்கும் சக்கரம் வைத்த வீடு.

என் மனைவியின் தம்பி அவர். இருபது ஆண்டுகள் ஒரு காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தார். இப்போது மணிபர்சும் பெல்ட்டும் ஜாப் ஒர்க் எடுத்துச் சொந்தமாகச் செய்கிறார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மற்றவர்கள் மனை வாங்கும் ஊரில், அவர் காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய வீடு ஒன்றை வாங்கினார். கேம்பர் டிரெய்லர் என்கிறார்கள். ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இருவர் படுக்கும் பலகை, வெளியே இழுத்தால் திறந்துகொள்ளும் அடுப்பங்கரை, தண்ணீர்த் தொட்டி, விளக்குக்கு ஒரு பாட்டரி. மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனி வாகனம். காரின் பதிவு அதற்குச் செல்லாது. மாதத்தில் மூன்று நான்கு நாள் அதை மாட்டிக்கொண்டு மனைவி, பிள்ளைகளோடு கிளம்பிவிடுவார். சில சமயம் ஏலகிரி. பெரும்பாலும் சவ்வாது மலை. காவலூர் வான் ஆய்வுக்கூடத்தின் பக்கம் வானம் இருட்டாக இருக்கும் என்பதற்காகவே பிள்ளைகளை அங்கே அழைத்துப்போவார்.

மீதி நாட்கள் அது வீட்டை ஒட்டிய காலி மனையில் நிற்கும். இந்தப் பொருளின் சிக்கலே அதுதான். ஓடுகிற நாளில் அதற்கு ஆபத்து குறைவு. ஆட்கள் உள்ளேயே இருக்கிறார்கள். நிற்கிற நாளில்தான் ஆபத்து. காரைத் திருட வேண்டுமென்றால் அதைக் கிளப்பத் தெரிய வேண்டும். டிரெய்லருக்கு இயந்திரமே கிடையாது. பின்னால் கொக்கி உள்ள எந்த வண்டியைக் கொண்டுவந்தாலும் மாட்டிக்கொண்டு போய்விடலாம். பகலில் இழுத்துப் போனால்கூட, தெருவில் பார்க்கிறவர்கள் உரியவர்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

*

இப்படி ஒரு பொருள் நம் நாட்டுக்குப் புதிது என்று தோன்றலாம். தமிழ் படித்தவனுக்கு அப்படித் தோன்றாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. வண்டியின் சக்கரத்தையும் அச்சையும் கூரையையும் ஒரு தச்சனின் கண்ணோடு புலவர் வருணிக்கிறார். வண்டியிலேயே கோழிக்கூடு இருக்கிறது. பெண்யானையின் முழங்காலைப் போன்ற சிறிய உரல் தொங்குகிறது. முகப்பில் காடிப்பானையைக் கயிற்றால் பிணித்திருக்கிறார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருத்தி மாட்டை ஓட்டுகிறாள். ஆண்கள் மாற்று எருதுகளோடு வண்டி வரிசையின் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். சமையலறை உண்டு, கூரை உண்டு, குடும்பம் உண்டு, காவலும் உண்டு. நாம் காம்பர் என்று வெளிநாட்டுப் பெயர் சொல்லி வியக்கும் பொருளை இத்தனை நுணுக்கமாக வரைந்த பாட்டு, எங்கள் வட மாவட்டங்களை உள்ளடக்கிய தொண்டை நாட்டைப் பற்றியது என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே பாட்டில், வழிப்போக்கர் அலறும்படி தாக்கிப் பொருளைப் பறிப்பவர்கள் தொண்டைமான் இளந்திரையனின் நாட்டில் இல்லை என்று புலவர் உறுதி சொல்கிறார். அங்கே இடியும் விழாது, பாம்பும் கடிக்காது என்று கூடவே சொல்வதால் அந்த உறுதியை எவ்வளவு நம்புவது என்பது வாசகரின் விருப்பம். உமணர்கள் நம்பியதாகத் தெரியவில்லை. நம்பியிருந்தால் வண்டிக்குப் பக்கத்தில் ஆள் எதற்கு?

புறநானூற்றில் அதியமான் மகனைப் பாடும் ஔவையார், மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சி உமணர்கள் வண்டியின் அடியில் கூடுதலாக ஓர் அச்சைக் கட்டிச் செல்வார்கள் என்கிறார். சேம அச்சு என்பது அதன் பெயர். இன்று நாம் ஸ்டெப்னி என்கிறோம். மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, “அப்பவே ஸ்டெப்னி இருந்திருக்கா மாமா!” என்று வியந்தார். அந்த ஸ்டெப்னி இந்தக் கட்டுரைக்குள் மறுபடியும் வரும்.

*

திருட்டைப் பற்றித் தமிழில் மிகத் தெளிவான கோட்பாட்டைச் சொல்பவன் சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லன். கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் முகத்தில் கொலைக்குரிய குறி எதுவும் இல்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் களவு நூலை எடுத்து விரிக்கிறான். கள்வருக்கு எட்டுத் துணைகள் உண்டு என்று மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகியவற்றை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்கிறான். கேட்ட காவலர்கள் வாயடைத்துப் போகிறார்கள். களவைப் பற்றி இத்தனை ஆழமாகப் பேசுகிறவனிடம்தான் அரசியின் சிலம்பு இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

பேசியவன் திருடன் என்பதால் பேச்சு பொய்யாகிவிடாது. அந்த எட்டில் முதல் ஐந்தும் திருடனின் சொந்தச் சொத்து. பொருளுக்கு உரியவன் அவற்றில் கைவைக்க முடியாது. இடம், காலம், கருவி ஆகிய மூன்றை மட்டும் உரியவனும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம். மைத்துனர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்லர். ஆனால் அவர் செய்த ஏற்பாடுகளை வரிசையாகப் பார்த்தால் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலில் இடம். மாட்டு வண்டிக்கு ஏர்க்கால் எப்படியோ, அப்படி டிரெய்லருக்கும் முன்னால் நீண்ட ஓர் இரும்பு உண்டு. அதன் நுனியில்தான் கொக்கி. அந்த முனையைத் தெருப்பக்கம் வைத்தால் திருடனுக்கு நாமே கைகொடுத்தது போல. மைத்துனர் அதை மதில் பக்கம் திருப்பி நிறுத்தினார். இனி அதைத் திருப்பாமல் எந்த வண்டியையும் மாட்ட முடியாது. முன்னால் தாங்கி நிற்கும் சிறு சக்கரத்தையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார். என் தாத்தா இரவில் வண்டியை அவிழ்த்த பிறகு கடையாணியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பாராம். அதே அறிவுதான்.

அடுத்து கருவி. கொக்கியின் குழிக்குள் இரும்புக் குண்டு ஒன்றை வைத்து மூடிப் பூட்டும் கருவி கிடைக்கிறது. அது மட்டும் போதாது. கொக்கி பூட்டியிருந்தாலும் ஏர்க்காலில் சங்கிலியைச் சுற்றிக் கொஞ்ச தூரம் இழுத்துப் போய்விடலாம். ஆகவே சக்கரத்தையும் கவ்விப் பூட்ட வேண்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால், அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு சக்கரம் மாட்டலாம். ஆகவே சக்கரத்தின் நட்டுகளில் ஒன்றாவது தனிச் சாவி போட்டால்தான் கழலும்படி இருக்க வேண்டும். ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைக்கிறது. சங்கிலி போடுகிறவர்கள் அதைத் தரையில் புரள விடக்கூடாது. தரையே பட்டறைக் கல்லாகிவிடும், மேலே ஒரு சம்மட்டி போதும். பூட்டின் வளைவு குட்டையாக இருக்க வேண்டும். கடப்பாரை நுழைய இடம் இருந்தால் அதுவே நெம்புகோலுக்கு வாசல்.

கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. கையால் செய்வது; மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகை வகையாகப் பெயர் கொண்டது. பூட்டு எவ்வளவு நல்லதானாலும் அதைத் தாங்கும் கொண்டி தகரமாக இருந்தால் பயனில்லை. பூட்டை உடைக்கிறவர்களைவிடக் கொண்டியைப் பெயர்க்கிறவர்கள் அதிகம். அதையும் விட்டுவிட்டுச் சுவருக்குப் போகிறவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் வேலூர் தோட்டப்பாளையத்து நகைக்கடை ஒன்றில் பதினைந்து கிலோ அளவுக்குத் தங்கம் களவு போனது பலருக்கு நினைவிருக்கும். முன்வாசல் பூட்டு அப்படியே இருந்தது. பின்சுவரில் துளை. நகைகள் பிறகு ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்த இடத்திலிருந்து மீட்கப்பட்டன.

மூன்றாவது காலம். எந்தப் பூட்டும் திருட்டைத் தடுப்பதில்லை. நேரத்தை நீட்டுகிறது, அவ்வளவுதான். இரண்டு நிமிட வேலையை இருபது நிமிட வேலையாக, சத்தமில்லாத வேலையைச் சத்தமுள்ள வேலையாக மாற்றுகிறது. அந்த இருபது நிமிடத்துக்குள் யாராவது பார்க்க வேண்டும், நாயாவது குரைக்க வேண்டும். மதுரைக்காஞ்சியில் இருண்ட உடையும் நூலேணியுமாக வரும் கள்வர்களுக்கு எதிரே, தூங்காத கண்ணோடு ஊர்க்காவலர்கள் சுற்றுகிறார்கள். எங்கள் தெருவில் அதிகாலை நான்கு மணிக்கே தண்ணீர் பிடிக்க ஆள் எழுந்துவிடும். மதுரைக்காஞ்சி தராத காவல் அது.

*

இவை எல்லாம் செய்து முடித்த ஓர் இரவில் டிரெய்லருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொக்கி பூட்டியபடி, சக்கரம் கவ்வியபடி நின்றது. வெளிப்பெட்டியில் இருந்த பாட்டரியும், பின்புறம் மாட்டியிருந்த ஸ்டெப்னியும் மட்டும் போயிருந்தன. சேம அச்சு போய்விட்டது என்று சொல்லலாம். வண்டி முழுவதையும் காக்கிறவர்கள் அதன் உறுப்புகளைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. காயலான் கடைக்கு முழு வண்டியைக் கொண்டுபோக முடியாது, சக்கரத்தைக் கொண்டுபோகலாம்.

அன்று காலை தெருவில் நடந்தது வேறு. எங்கள் தெரு முடிந்து ரயில் பாதையை நோக்கிப் போகும் ஓரத்தில் இரண்டு குடும்பங்கள் பத்து நாட்களாகத் தங்கி மூங்கில் கூடை முடைந்து விற்றுக்கொண்டிருந்தன. மூன்று சக்கர மிதிவண்டி ஒன்று, அதன்மேல் தார்ப்பாய், அடியில் தொங்கும் பாத்திரங்கள். கோழிகூட ஒன்று இருந்தது. உருத்திரங்கண்ணனாரின் வண்டியை நேரில் பார்ப்பது போல இருக்கிறது என்று நான் வீட்டில் சொல்லியிருந்தேன். களவு தெரிந்த அரைமணி நேரத்துக்குள் தெருவின் இளைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நேற்று அந்தப் பக்கம் சுற்றினார்கள் என்று ஒருவர் சொன்னார். கூடை விற்கிறவர்கள் தெருவில் சுற்றாமல் வேறு எங்கே சுற்றுவார்கள்?

நான் போய்ச் சேர்ந்தபோது மூட்டைகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் மூத்த பெண்மணி அவர்களைத் தடுக்கவில்லை. தானே ஒவ்வொரு பொருளாக எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். சட்டி, தட்டு, அரிசிப் பை, துணி, மூங்கில் சிம்புகள், இரண்டு அரிவாள். வைத்துவிட்டுச் சொன்னார்: “எண்ணிக்குங்க சாமி. எங்க சாமான் எதுவும் கொறையாம எண்ணிக் குடுத்துடுங்க.”

சோதிக்க வந்தவர்களிடம் தன் பொருளுக்குக் கணக்கு வைத்தவர் அங்கே அவர் ஒருவர்தான். பாட்டரியும் இல்லை, ஸ்டெப்னியும் இல்லை என்று ஆன பிறகும், மூங்கில் பிளக்கும் அரிவாள் ஒன்றை இளைஞர்களில் ஒருவர் கையில் எடுத்துக்கொண்டார். விசாரணை முடியட்டும், தருகிறோம் என்றார். என்ன விசாரணை, யார் விசாரிக்கிறார்கள் என்று நான் கேட்டேன். சார் காலேஜில் பாடம் நடத்துகிறவர், இவர்களைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று பதில் வந்தது. பிறகு இந்த மாதிரி ஆட்கள் எப்படி நோட்டம் பார்ப்பார்கள், எந்த நேரத்தில் வருவார்கள், எதை வைத்துத் திறப்பார்கள் என்று ஒருவர் விளக்க ஆரம்பித்தார். இடம், காலம், கருவி. மதுரைப் பொற்கொல்லனின் பேச்சை நான் அத்தனை அருகில் நின்று கேட்டதில்லை.

*

இந்தப் பேச்சுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1871இல் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்னாருக்குப் பிறந்தவர் என்பதாலேயே ஒருவர் குற்றவாளிப் பட்டியலில் சேரலாம். கைரேகை வைக்க வேண்டும். அனுமதியில்லாமல் ஊர்விட்டு ஊர் போகக்கூடாது. இந்தப் பட்டியலில் சேர்ந்தவர்களில் சென்னை மாகாணத்துக் கொறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி வரலாற்றாசிரியர் மீனா ராதாகிருஷ்ணா எழுதிய ஆங்கில நூல் 2001இல் வெளிவந்தது. எருதுகளின்மேல் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராக வணிகம் செய்தவர்கள் அவர்கள் என்பதையும், அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் சேர்ந்து அந்தத் தொழிலை அழித்ததையும் அந்நூல் காட்டுகிறது. சரக்கு ரயிலுக்குப் போன பிறகும் அவர்கள் வழக்கம்போல நடந்துகொண்டிருந்தார்கள். சுமையில்லாமல் நடக்கிறவனைச் சட்டம் சந்தேகப்பட்டது.

உப்பு வணிகம் செய்தவர்கள் என்ற இடத்தில் எனக்குப் படிப்பு நின்றுவிடுகிறது. இவர்களும் உமணர்களும் ஒரே மரபு என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று வேண்டும். ஆனால் செய்த தொழில் அதுதான், நடந்த வழியும் அதுதான். புலவர் ஒருவர் நின்று பார்த்துப் பாடிய வாழ்க்கையை இன்னொரு காலம் குற்றம் என்று பதிவேட்டில் எழுதியது.

சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் அந்தச் சட்டம் நீங்கியது. பட்டியலில் இருந்தவர்கள் சீர்மரபினர் ஆனார்கள். ஆனால் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்ற வேறு பெயரில் கண்காணிப்பு தொடர்ந்தது. 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், சீர்மரபினரைக் காவல்துறை தன்னிச்சையாகக் கைது செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் நீங்கி எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் செய்தி. கூடை முடைந்தவர்கள் எந்தச் சாதி என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. வீடு சக்கரத்தின் மேல் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. மைத்துனரின் வீடும் சக்கரத்தின் மேல்தான் இருக்கிறது என்று நான் சொன்னபோது, அது வேறு என்றார்கள். எப்படி வேறு என்று ஒருவரும் சொல்லவில்லை.

*

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தபோது அங்கிருந்தவர் கேட்ட கேள்வி நியாயமானது. பாட்டரியும் சக்கரமும் எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், கிடைத்தால் உங்களுடையது என்று எப்படிச் சொல்வீர்கள்? மைத்துனர் கைபேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சக்கர வளையத்தின் உட்பக்கம், டயர் மறைக்கும் இடத்தருகே, ஆணிக் குறியாக மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் பதிந்திருந்தன. பாட்டரியிலும் அடிப்பக்கத்தில் அதே குறி இருக்கிறது என்றார்.

இது எனக்கே அப்போதுதான் தெரியும். திரும்பி வரும் வழியில் விளக்கம் சொன்னார். “தோல் ஷாப்புல ஒரே தொட்டியில நாலு பேரோட சரக்கு ஊறும் மாமா. மையில எழுதினா சுண்ணாம்புலயே போயிடும். ஓரத்துல குத்தின குறி மட்டும்தான் கடைசி வரைக்கும் நிக்கும். அந்தப் பழக்கம்தான்.” ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றங்கரை ஊர்கள் முழுவதும் பிறர் தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தரும் ஷாப்புகள் உண்டு. முடி போய், சதை போய், நிறம் மாறி, பச்சைத் தோல் பதப்பட்ட தோலாக வெளியே வரும்போதும் இன்னாருடையது என்று சொல்ல அந்தக் குத்துக் குறி இருக்கும். ஊரின் தொழில் அறிவு அது. அதை அவர் இரும்புக்கும் கொண்டுபோயிருக்கிறார்.

இரும்பில் இந்த அறிவு இன்னும் நன்றாகச் செல்லுபடியாகும். வண்டியின் சேசிஸ் எண்ணைத் திருடன் அராவி அழித்தாலும், தடயவியல் ஆய்வகத்தில் அமிலக் கரைசலைப் பூசி அதை மீட்டெடுக்க முடிகிறது. எழுத்தை அடித்தபோது அதற்குக் கீழே உள்ள உலோகமும் அழுந்தியிருக்கிறது. மேற்பரப்பு போனாலும் அழுத்தம் போவதில்லை. ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். கதவில் மாட்டியிருக்கும் சிறிய சீலை ஒரு நல்ல வெட்டுக்கருவி துண்டித்துவிடும். ஆனால் அதில் எண் இருக்கிறது. வெட்டினால் வெட்டியது தெரிந்துவிடும். அது பூட்டு அல்ல, சாட்சி.

சிலப்பதிகாரத்தைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். இந்திரவிழவூரெடுத்த காதையில் வரும் வெள்ளிடை மன்றத்தைப் புகாரின் செழிப்புக்கு ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அங்கே பெயரும் குறியும் எண்ணும் பொறித்த பொதிகள் குவிந்து கிடக்கின்றன. கதவும் இல்லை, தாழும் இல்லை, காவலும் இல்லை. யாராவது திருடினால் அந்தப் பொதியே அவன் தலையில் ஏறிக்கொண்டு இறங்காமல் அவனைச் சுற்ற வைக்குமாம். தெய்வத்தின் கதையாகச் சொல்லப்பட்டாலும், பொறித்த பெயரைச் சுமந்துகொண்டு திருடன் எங்கே போக முடியும் என்ற உலகியலும் அதில் இருக்கிறது. பட்டினப்பாலையிலும் துறைமுகத்து மூட்டைகளின்மேல் புலி முத்திரை விழுகிறது. புகாரில் பொருளைக் காத்தது பூட்டைவிடக் குறி.

மதுரையில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோவலன் கையில் இருந்த சிலம்புக்குள்ளும் குறி இருந்தது. அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். முகத்தைப் பார்த்தார்கள், பொற்கொல்லன் பேச்சைக் கேட்டார்கள், பொருளைப் பார்க்கவில்லை. கண்ணகி வந்து உடைத்துக் காட்டியபோது குறி தன் வேலையைச் செய்தது. ஆனால் அதற்குள் கோவலன் இல்லை. பொருளுக்குக் குறியிடுவது பொருள் திரும்பக் கிடைப்பதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். திருடாதவனை விடுவிப்பதற்கும் அதுதான் வழி. அதுவும் நேரத்தோடு பார்த்தால்.

*

மூன்றாவது வாரம் வாணியம்பாடி போகும் வழியில் ஒரு காயலான் கடையில் ஸ்டெப்னி கிடைத்தது. வளையத்தின் உட்பக்கம் குறி அப்படியே இருந்தது. கொண்டுவந்து போட்டவரைக் கடைக்காரர் அடையாளம் சொன்னார். எங்கள் தெருவிலேயே மாடி எழுப்பிக்கொண்டிருந்த வீட்டுக்கு வேலைக்கு வந்துபோனவர். பகல் முழுவதும் சாரத்தின் மேலிருந்து காலி மனையைப் பார்த்திருக்கக்கூடியவர். பாட்டரி கிடைக்கவில்லை. அவரைப் பற்றித் தெருவில் யாரும் அதிகம் பேசவில்லை. அவருடைய வீட்டுக்குப் போய் மூட்டையை அவிழ்க்கவும் இல்லை. அவர்மேல் வழக்கு நடக்கிறது, அதுதான் முறை.

கூடை முடைந்தவர்கள் சோதனை நடந்த அன்று மாலையே தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் போனார்கள் என்று கேட்டால் ஒருவர் மாதனூர்ப் பக்கம் என்றார், மற்றவர் ஆற்றைக் கடந்து போனார்கள் என்றார். நிரபராதிகள் என்று சொல்வதற்கு நாங்கள் தயாரானபோது கேட்பதற்கு அவர்கள் அங்கே இல்லை.

அரிவாள் மட்டும் இருந்தது. விசாரணைக்காக எடுத்துக்கொண்டவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. மைத்துனர் போய் வாங்கிவந்தார். வாங்கிவந்து என் எதிரில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலைப்பாடு தெரிந்த கண் அவருக்கு. பிடியின் அடியில் பக்கவாட்டில் மூன்று சிறிய வெட்டுகள், ஒரே அளவில், ஒரே இடைவெளியில். அவர்களும் குறி வைத்திருந்தார்கள். அன்று தெருவில் நடந்த களவுகளை எண்ணினால் மூன்று பொருள்கள். ஸ்டெப்னியும் பாட்டரியும் புகாரில் ஏறின. மூன்றாவதைப் பற்றி யாரும் புகார் தரவில்லை.

வேலூர்க்காரர்கள் தங்கள் கோட்டையை வைத்துச் சொல்லும் ஒரு செய்தி உண்டு. அகழியும் கருங்கல் மதிலும் கொண்ட அந்தக் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்தது. லிங்கத்தைப் பாதுகாப்புக்காகச் சத்துவாச்சாரிக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். 1981இல்தான் கோயிலுக்குத் திரும்பியது. கோட்டையால் காக்க முடியாததை ஓர் ஊர் காத்தது. காவல் என்று வரும்போது நான் மதிலைவிட ஊரைத்தான் நம்ப விரும்புகிறேன். எங்கள் தெரு அன்று நடந்துகொண்ட விதம் அந்த நம்பிக்கைக்கு உதவவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மைத்துனர் இப்போது ஸ்டெப்னியைச் சங்கிலியால் உடற்சட்டத்தோடு பிணைத்திருக்கிறார். புதிய பாட்டரி வெளிப்பெட்டியில் இல்லை, உள்ளே இருக்கிறது. இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் கருவி ஒன்றைத் தனிப் பாட்டரியோடு எங்கோ ஒளித்து வைத்திருக்கிறார். எங்கே என்று எனக்கும் சொல்லவில்லை, சொல்லாததுதான் சரி. அரிவாளைத் துணியில் சுற்றி வண்டியின் உள்ளே பலகைக்கு அடியில் வைத்திருக்கிறார். குடியாத்தம், ஒடுகத்தூர், ஆலங்காயம் என்று எந்த வழியாகப் போனாலும் சந்தை நாளில் கூடை விற்கிறவர்களைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, பிடியைக் காட்டி, மூன்று வெட்டு யாருடைய குறி என்று கேட்கிறார். இதுவரை யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. ஆலங்காயத்தில் ஒரு முதியவர் மட்டும் அதை வாங்கிக் கூர் பார்த்துவிட்டு, துரு ஏறவிடாதீர்கள், எண்ணெய் தடவி வையுங்கள் என்று சொன்னாராம். தடவி வைத்திருக்கிறார்.